வாய் திறக்காத நர்சம்மா

ஆஸ்பத்திரி நர்ஸ் சபிஹாவின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடுங்குவதற்காகக் காசம்மாள் அந்த வாரத்தில் நான்கு தடவை பிரஷர் பார்த்துக்கொண்டாள். நான்கு தடவையும் நூற்றிருபதுக்கு எண்பது.

"இதுக்கு மேல நல்லா இருக்க முடியாதுக்கா. போயி யாவாரத்தப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே கைப்பட்டையைக் கழற்றினாள் சபிஹா.

"அது கெடக்கட்டும் நர்சம்மா. எம் மருமவ திங்கக்கெழம இங்க வந்தாளாமே. இன்னாத்துக்கு?"

"மருமவ வூட்லதான இருக்காங்க. அவங்களயே கேளுங்க."

"கேட்டா தலவலிங்குறா. தலவலிக்கு எவளாவது கதவச் சாத்திக்கிட்டு அரமணி நேரம் பேசுவாளா?"

மணப்பட்டுக் கடற்கரையில் கரையேறும் மீனைத் தலைச்சுமையாக ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவள் காசம்மாள். ஐம்பத்து மூன்று வயது. கடலுக்குப் போகும் மகன் ராஜ்கமலுக்குக் கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மருமகள் பாக்யலட்சுமி ஆஸ்பத்திரிப் படியேறினாள் என்ற சேதி காதில் விழுந்ததுமே, பிறக்காத பேரனுக்குக் காசம்மாள் மனசுக்குள் மொட்டையடித்துக் காதும் குத்திவிட்டாள்.

சபிஹாவுக்கு உண்மை தெரியும். பாக்யலட்சுமி போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஓட்டத் தேர்வு, எழுத்துத் தேர்வு எல்லாம் முடியும்வரை குழந்தையைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வந்திருந்தாள். ராஜ்கமலுக்கும் சம்மதம்தான். அம்மாவிடம் சொல்லத்தான் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் காசம்மாள் நாலு சங்கரா மீனோடு வந்தாள்.

"வூட்டுக்குக் கொண்டுபோ நர்சம்மா. அதுவரைக்கும் அந்த ஐஸ் பெட்டியில போட்டு வை."

"ஐயோ, அது புள்ளைங்க தடுப்பூசி வைக்கிற பெட்டிக்கா! வேல செய்ற எடத்துல நான் எதையும் வாங்குறதில்ல. கோச்சுக்காதீங்க."

மீனும் போணியாகவில்லை என்றதும் காசம்மாள் வேறொரு வலையை வீசினாள். "நீ மறைச்சா எனக்குத் தெரியாதா? எங்கூட மீன் விக்கிற வள்ளியம்மாதான் சொல்லிட்டாளே, எம் மருமவ முழுகாம இருக்கான்னு. நீதான் அவகிட்ட சொன்னியாம்."

சபிஹா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்றாலே பாதி சொன்ன மாதிரிதான்.

"யாரு வந்தாங்க, இன்னாத்துக்கு வந்தாங்கன்னு நான் யாருகிட்டயும் பேசறதில்லக்கா. நாளைக்கே உங்களப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டா, நான் சொல்லலாமா?"

"என்கிட்ட இன்னா இருக்குது மறைக்கிறதுக்கு?" என்று காசம்மாள் சட்டென்று எழுந்தாள். ஆனால் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதைச் சபிஹா கவனித்தாள். கால்களைச் சற்று அகட்டி வைத்து அவள் நடந்துபோவதையும் கவனித்தாள்.

சபிஹா இப்படி நாக்கைக் கட்டப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் திருக்கனூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஹமீதின் மகள். நர்சிங் முடித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் பஸ்ஸில், கூட இருந்த தோழியிடம், இன்ன தெருவில் இன்ன வீட்டுப் பெண்ணுக்குக் காசநோய் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். பின்சீட்டில் அதே தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மருந்து வாங்க வருவதையே நிறுத்திக்கொண்டாள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. சபிஹா பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இரண்டு ராத்திரி தூங்காமல் புரண்டுவிட்டு, மூன்றாம் நாள் நேராக அந்த வீட்டுக்குப் போய், "நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. மருந்த மட்டும் விட்டுடாதீங்க" என்று நின்றாள். அந்தப் பெண் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பிறகு மருந்துக்கு வந்தாள். ஆறு மாதத்தில் குணமாகிப் போகும்போது, "நல்லவேள, நீயே வந்து சொன்ன" என்றாள். சபிஹாவுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அன்றைக்குப் பிறகு ஒரு நோயாளியின் பெயரை அவள் வாசல் தாண்டிக் கொண்டுபோனதில்லை.

காசம்மாளுக்குக் கோபம் ஆறவில்லை. மீன் விற்கப்போன இடத்திலெல்லாம் சபிஹாவைப் பற்றிப் பொருமினாள். "அந்த நர்சம்மா வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவியக் கடல்ல எறிஞ்சுட்டா போல. மாமியாக்காரி கேட்டாக்கூட மருமவளப் பத்தி ஒரு வார்த்த வரல!"

அவள் திட்டத் திட்ட, வேறொன்று நடந்தது. அக்கம்பக்கம் தெரிந்துவிடுமோ என்று பயந்து இரண்டு பஸ் மாறிப் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களெல்லாம், 'வாய் திறக்காத நர்சம்மா இங்கயே இருக்காங்களாமே' என்று உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். வெள்ளைப்படுகிறது என்று ஒருத்தி, மார்பில் கட்டி என்று ஒருத்தி, கணவனின் குடியால் தூக்கம் போனது என்று ஒருத்தி. மார்பில் இருந்தது பார்த்தால் வெறும் கொழுப்புக் கட்டிதான்; பயந்து வந்தவள் சிரித்துக்கொண்டே போனாள். "இன்னா சபிஹா, கூட்டம் இப்படி அள்ளுது?" என்று டாக்டர் சாரதா ஆச்சரியப்பட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு காசம்மாள் வந்தாள். இந்தத் தடவை பிரஷர் பேச்சு இல்லை. உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள்.

"நர்சம்மா, ஒண்ணு சொல்லணும். உங்கிட்ட சொன்னா வெளிய போவாதுன்னு ஊரெல்லாம் நானே சொல்லிட்டு வந்துட்டேன்."

"சொல்லுங்கக்கா."

"எனக்கு அடி எறங்குது. கடைசிப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. மீன் அன்னக்கூடையத் தூக்குனா வெளியவே வந்துடுது. துணியக் கட்டிக்கிட்டு நடக்குறேன். துணி கட்ட ஆரம்பிச்சே பன்னெண்டு வருசமாச்சு. எம் புருசன் சாவுற வரைக்கும் அவருக்குக்கூடத் தெரியாது."

பன்னிரண்டு வருஷம் கர்ப்பப்பை இறங்கிய இந்த உடம்போடு பத்து கிலோவும் இருபது கிலோவும் சுமந்திருக்கிறாள். சபிஹா காசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையை இழுத்துவிட்டு, "டாக்டரம்மா பாக்கணும். நான் கூடவே நிக்கிறேன். நீங்க சரின்னாதான். வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, அங்கயே நிறுத்திடலாம்" என்றாள்.

டாக்டர் சாரதா பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் நல்லது, அடுத்த வாரமே புதுச்சேரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். காசம்மாள் சபிஹாவைப் பார்த்தாள். "நீ இன்னா சொல்ற? நீ சொல்றதச் செய்றேன்."

"ஒடம்பு உங்களோடதுக்கா. ரெண்டு வழியையும் சொல்றேன், நீங்க முடிவு பண்ணுங்க." கர்ப்பப்பையைத் தாங்கி நிறுத்தும் ரப்பர் வளையத்தை எடுத்துக் கையில் கொடுத்து, அதை எப்படி வைப்பார்கள், எத்தனை நாளுக்கொரு தடவை வந்து காட்ட வேண்டும், ஆபரேஷன் என்றால் எத்தனை நாள் படுக்கை என்றெல்லாம் சொன்னாள். காசம்மாள் வளையத்தை அமுக்கிப் பார்த்தாள். "இப்போ இத்த வெச்சு வுடுங்க. மீன்புடி தடைக்காலத்துல போட்டுங்க கடலுக்குப் போவாது, எனக்கும் யாவாரம் இருக்காது. அப்போ அறுத்துக்குறேன்" என்றாள். கடற்கரைக்காரியின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். அதுவரை பாரம் தூக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். இடுப்புத் தசை இறுகுவதற்கு ஒரு பயிற்சியைச் சபிஹா சொல்லிக்கொடுத்தாள்.

வளையத்தை வைத்த பிறகு காசம்மாள் அறைக்குள்ளேயே நாலு நடை நடந்தாள். பிறகு வராந்தாவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். "அடி ஆத்தா! கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தாப்ல கீதே!" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது சபிஹாவின் நாக்கு துறுதுறுத்தது. பாக்யலட்சுமியிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும், அவளே கூடையைத் தூக்கிக்கொள்வாள். காசம்மாளிடம் ஒரு வார்த்தை போட்டால் அந்தப் பெண்ணுக்குப் பயம் தீரும். ஒரே வீட்டின் இரண்டு ரகசியமும் தன்னிடம் இருந்தன. ஆனாலும் அவை இரண்டும் அவளுடையவை இல்லை. காசம்மாளிடம், "கூடையத் தூக்க ஆளு வேணும்லக்கா. வூட்ல யாருகிட்டயாவது நீங்களே சொல்லிப் பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

மறுமாதம் மாமியாரும் மருமகளும் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள்.

"நீ சொல்லிக்குடுத்த பயிற்சியக் காலையில படுத்துக்கிட்டே செஞ்சுக்கிட்டிருந்தேன். இவ பாத்துட்டா. இன்னா அத்த பண்றீங்கன்னு கேட்டா, சொல்லிட்டேன். ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே அவ கதையையும் சொன்னா. ரெண்டு நாளு நான் மொகம் குடுத்துப் பேசல தெரியுமா?" என்றாள் காசம்மாள்.

"மூணு நாளு அத்த" என்றாள் பாக்யலட்சுமி.

"சரிடி, மூணு. அப்புறம் யோசிச்சேன். போலீஸ்காரி மாமியான்னா மீன் மார்க்கெட்டுல எவ என்னாண்ட சண்டைக்கு வருவா?"

சபிஹா சிரித்த சிரிப்பில் ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

மே மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் மாமியாரோடு கூடவே இருந்து, அவள் கட்டிலடியிலேயே பொது அறிவுப் புத்தகம் படித்தாள் பாக்யலட்சுமி. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வா வா என்று காசம்மாள் ஓயாமல் கூப்பிட்டதால், சபிஹா தன் மகள் ஃபைஜாவோடு மணப்பட்டுக் கடற்கரைக்குப் போனாள்.

"காசம்மாளுக்கு இன்னா ஆபரேஷன் நர்சம்மா?" என்று வள்ளியம்மாள் அருகில் வந்து கிசுகிசுத்தாள். சபிஹா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவங்கள ஏண்டி கேக்குற? என்னக் கேளு!" என்று காசம்மாளே கணீரென்று கூவினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடியிருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வள்ளியம்மாள் சபிஹாவின் காதோரம், "செவ்வாக்கெழம நானும் ஆஸ்பத்திரிக்கு வரட்டா?" என்றாள்.

ஈர மணலில் பாக்யலட்சுமி ஓடத் தயாராக நின்றாள். செல்போனில் நேரம் பார்க்க ஃபைஜாவை நிறுத்திவிட்டு, காசம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"ஓடுடி! வலைக்காரனுங்க பாக்குறானுங்கன்னு நிக்காத, பாக்கட்டும், ஓடு!"

பாக்யலட்சுமி சிட்டாய்ப் பறந்தாள். போன வாரத்தைவிட இரண்டு வினாடி குறைவு என்று ஃபைஜா கத்தியதும் கரையில் ஒரே ஆரவாரம். ஓடி முடித்தவள் மணலில் விழுந்து மூச்சிரைக்கச் சிரித்தாள். காசம்மாள் தண்ணீர் பாட்டிலோடு அவளை நோக்கி நடந்தாள், வேகமாக, நிமிர்ந்து.