சீரியலில் அடித்த மணி

கிரேஸ் அக்கா வீட்டில் டிவிக்கு மேலேதான் போன் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே பூப்போட்ட துணியால் மூடி வைப்பாள். கவரைப்பேட்டையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சொந்தக்காரர்களிடம் கொடுத்து வைத்திருந்தது அந்த நம்பரைத்தான். எங்களுக்கு வரும் போன் எடுக்கும்வரை விடாமல் அடிக்கும். அவள் வீட்டுக்காரர் ராஜமாணிக்கத்தின் போன் மட்டும் ஒரே ஒரு மணியோடு அடங்கிவிடும்.

ராஜமாணிக்கம் லாரி டிரைவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிக்கொண்டு விஜயவாடா போவார். சேர்ந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். எடுத்துப் பேசினால் காசு. எடுக்காவிட்டால் செலவில்லாமல் சேதி வந்துவிடும். அப்போது ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், அதாவது பேசாமலே. செல்போனெல்லாம் லாரி முதலாளி பரசுராமன் மாதிரி ஆட்களின் சட்டைப்பையில்தான் இருந்தது.

2003 மழைக்காலத்தில் ஒருநாள் மனுஷர் காய்ச்சலோடு வண்டியெடுத்தார். அக்கா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள்.

"நான் படுத்துக்கினா வண்டிய வேற ஆளாண்ட குடுத்துடுவான்மே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் ஒரு மணி அடித்து அடங்கியது. கையெல்லாம் சோப்பு நுரையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஷஹனாஸு, சேந்துட்டாரு! ரிங்கு வுட்டுட்டாரு!"

அதற்குப் பிறகுதான் அவள் தொண்டையில் சோறு இறங்கியது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் பரசுராமன் வந்து வாசலில் நின்றார்.

"இன்னும் லோடு வரலன்னு விஜயவாடா பார்ட்டி கத்திக்கினு இருக்கான். எங்கம்மா உன் ஊட்டுக்காரன்?"

"அவரு நேத்தே சேந்துட்டாரே!" என்றாள் அக்கா. "ரிங்கு வந்துச்சு. என் காதால கேட்டேன்."

"ஆள் சேந்துட்டான், கம்பி சேரல. அப்ப இன்னா அர்த்தம்? வித்துட்டானா?"

அக்கா திகைத்துப்போனாள். இல்லை, சேர்ந்துவிட்டார் என்று மறுபடி மறுபடி சத்தியம் செய்தாள். அவள் சத்தியம் செய்யச் செய்ய ராஜமாணிக்கம் திருடனாகிக்கொண்டே போனார். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் கேட்ட மணியை எப்படிக் கேட்கவில்லை என்பாள்? விஜயவாடா இரும்புக்கடை ஒன்று விடாமல் தேடச் சொல்லி பரசுராமன் அங்கேயே நின்று தன் ஆட்களுக்குப் போன் போட்டார். சாயங்காலம் போலீஸுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதியம் நான் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் டிவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சீரியல் தொடங்கியது. முதலில் நேற்றைய கடைசிக் காட்சியைத் திரும்பக் காட்டினார்கள். ஒரு மணி அடித்தது, கதாநாயகி சட்டென்று போனை எடுத்தாள்.

"வந்துருச்சு! ரிங்கு வந்துருச்சு!" என்று கரண்டியோடு ஓடி வந்தாள் அக்கா.

டிவிக்குள் இருந்த போனைக் காட்டினேன். மேலே இருந்த போன் சும்மா கிடந்தது.

"நேத்தும் இதானா?" என்று கேட்டாள். "அப்ப அவரு திருடலடீ!" என்று முகமெல்லாம் மலர்ந்தவள், அடுத்த நொடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எங்கடீ அவரு?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரே மணியிலேயே போனை எடுத்த அந்தக் கதாநாயகி மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை.

இரண்டு பேருமாகப் பரசுராமனிடம் ஓடினோம்.

"காலைல சேந்துட்டான்ன, இப்ப சேரலன்ற. டிவி சொல்லுச்சா?" என்று அவர் எரிந்து விழுந்தார். ஆனாலும் தேடுகிறவர்களை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் வண்டி கிடைத்துவிட்டது. விஜயவாடா போகும் வழியில், காவலிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நின்றிருந்தது. ஒரு கம்பி குறையவில்லை. ராஜமாணிக்கம் மலேரியாவில் நினைவில்லாமல் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைக்காரர்கள்தான் தூக்கிப் போய்ச் சேர்த்திருந்தார்கள்.

பாதி உடம்பாக வீடு திரும்பியவர் கேட்ட முதல் கேள்வி, "நான் சேந்துட்டேன்னு நீயா சொன்ன?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் டிவியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எதன்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் படுத்துக்கொண்டார்.

உடம்பு தேறி அவர் மறுபடி விஜயவாடா போன அன்று நான் அங்கேதான் இருந்தேன். போன் அடித்தது, நிற்காமல் அடித்தது. எனக்கோ வேறு யாருக்கோ என்று நினைத்து அக்கா எடுத்தாள்.

"கிரேஸு, நான்தாமே பேசறேன். சேந்துட்டேன்." குரல் எனக்கே கேட்டது.

அக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள்.

"கொஞ்சம் இருய்யா" என்று அதைக் கீழே வைத்தாள். அங்கே பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்க, இங்கே நிதானமாக டிவியை அணைத்தாள். திரும்பி வந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு. யாரு?"