நட்பு நாட்டுக்குச் சொன்ன சேதி

அண்ணனைக் கைது செய்த செய்தி தொலைக்காட்சி வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. முகத்தைத் துணியால் மூடி யாரையோ நடத்திக்கொண்டு போனார்கள். நடையை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்து, "நம்ம பயதான்" என்றார்.

அண்ணனுக்கு வேறு மாநிலத்தில் ஒரு துறைமுகத்தின் ரேடியோப் பிரிவில் வேலை. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்பதெல்லாம் அவன் காதுக்கு வரும். அதில் சிலவற்றை வெளிநாட்டு உளவுத்துறை ஆள் ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். அது பகை நாடில்லை. நம் தலைவர்கள் போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிற நாடு. திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. ஒருநாள் காலையில் சுவரில் 'துரோகி வீடு' என்று கரியால் எழுதியிருந்தது. அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், பேசுகிற ஒன்றிரண்டு பேரும் வெயிலைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

வெகுநாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. அதன்பின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணனோடு ரயிலில் போய்வந்தது நான்தான். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். போவோம், நீதிபதி விடுப்பு என்பார்கள், திரும்புவோம். வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் புளிச்சோற்று வாசனையே எனக்குப் பிடிக்காமல் போனது அந்த வருடங்களில்தான். அப்படி ஒரு பயணத்தில், பெட்டி காலியாகக் கிடந்தபோது கேட்டேன்.

"என்னதாண்ணே நடந்துச்சு?"

"ஒரு கப்பல்ல ஆயுதம் போகுதுன்னு சந்தேகம் வந்துச்சு பாப்பா. மேல சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். உன் சோலியப் பாருன்னாங்க. அது போய்ச் சேர்ற எடத்துல சாகப்போறது அவங்க நாட்டு ஆளுக. அதான் அவங்கட்டயே சொல்லிட்டேன்."

"காசு வாங்குனியா?"

"இல்ல."

அதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். "அதோட நிப்பாட்டிட்டியா?" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மறுபடியும் வந்து கேட்டாங்க. மொதத் தடவ சொன்னவன் அடுத்த தடவ எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"நம்ம கப்பலப் பத்தியும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒரே ஒரு வாட்டி சொன்னேன்" என்றான். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அசதிதான் வந்தது.

அங்கே எங்களுக்கு வாய்த்த வக்கீல் எங்கள் மாவட்டத்துத் தொப்பம்பட்டிக்காரர். நட்பு நாட்டுக்கு உதவியதை எப்படித் துரோகம் என்று சொல்ல முடியும் என்று அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க டீச்சர், துரோகம்னு ஊருதான் சொல்லுது. கேசு அதுக்கில்லீங்க, ரகசியத்த வெளிய சொன்னதுக்கு. கேட்டவங்க சிநேகிதங்கன்னா தண்டனை கொறையலாமுங்க. குத்தமே இல்லைன்னு ஆயிறாதுங்க."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. தண்டனை கிடைத்தது, உள்ளே இருந்த காலம் போக மீதியையும் கழித்துவிட்டு அண்ணன் ஊர் வந்து சேர்ந்தான். அந்த நட்பு நாட்டிலிருந்து அவனுக்காக ஒரு வார்த்தை பேச யாரும் வரவில்லை. வேலை போனது. கட்டிக்கொள்வதாக இருந்த பெண்ணைச் சாணார்பட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது தாடிக்கொம்பு ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்க்கிறான்.

அப்பாவுக்கு இப்போது தானாகக் குளிக்க முடிவதில்லை. அண்ணன்தான் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, வேட்டி கட்டிவிடுகிறான். முதுகு தேய்க்கும்போதுகூட இருவரும் தண்ணீர் சூட்டைத் தாண்டி எதுவும் பேசுவதில்லை.

போன மாசம் ஒருநாள் சாயங்காலம் மூவரும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாடும் நம் நாடும் கப்பல் நடமாட்டத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டிருப்பதாக வாசித்தார்கள். அண்ணன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை.

"நான் சொன்னதத்தான் இப்ப கையெழுத்துப் போட்டுக் குடுக்குறாங்க."

அப்பா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். "அவங்க குடுக்கலாம்டா. யாருக்குக் குடுத்தன்னு நான் என்னைக்காச்சும் கேட்டேனா? உன்னைய யாரு குடுக்கச் சொன்னா?"

"மேல சொல்லிப் பாத்தேன்ப்பா. யாரும் கேக்கல."

"அந்த ஆயுதக் கப்பலச் சொன்னியே, அத வேணா நானும் சொல்லியிருப்பேனோ என்னமோ. நம்ம கப்பல எதுக்குடா சொன்ன? அதுல உள்ளவன் உனக்கு என்ன பண்ணான்?"

அண்ணன் எழுந்து டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நம் கப்பல் விஷயத்தை அப்பாவிடம் நான் சொன்னதில்லை, பேப்பரில் படித்திருப்பார். இத்தனை வருடமும் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் அவன் கையால் குளித்திருக்கிறார்.

"அப்ப நான் துரோகியாப்பா?"

"துரோகின்னு நான் சொல்லல. தப்பில்லைன்னும் சொல்லமாட்டேன். போதும், விடு. படுக்கணும், தூக்கி விடு."

அண்ணன் எழுந்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். நான் போய்ப் படுக்கையை உதறிப் போட்டேன்.