கருப்பட்டியின் மூச்சு

சுப்புத்தாய் ஆகிய நான், மகன் தங்கராஜ், மருமகள் ஜோதி, என் தங்கச்சி மாரியம்மாள், வீடியோ காலில் பேத்தி மகி. நேற்று எங்கள் கருப்பட்டி உயிரை விட்டபோது இருந்தது இத்தனை பேர்தான்.

கருப்பட்டி எங்கள் கினி பிக், முயல்குட்டி மாதிரி கூண்டில் வளர்க்கிற சின்னப் பிராணி. அதன் படத்துக்கு லைக் போட்டவர்களுக்குத் தெரியும்... வயது ஆறு, அந்த இனத்துக்கு அது கிழப்பருவம்.

மகி கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனாள். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே போதும், வீடு அதிர விசில் அடிக்கும்.

பத்து நாளைக்கு முன்னால் அந்த விசில் நின்றது. அதற்குப் பதிலாக மூச்சோடு ஒரு சத்தம்... காலித் தீப்பெட்டியை இழுத்து இழுத்து மூடுகிற மாதிரி, டக்... டக்...

தங்கராஜிடம் சொன்னேன். "எம்மா, அதுக்கு வயசாயிட்டுல்லா. குறட்டை விடுது. நீங்க விடலியா?" என்றான்.

ஜோதி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்காது.

மறுநாள் மூடி போட்ட கூடையில் வைத்து டவுன் பஸ்ஸில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "எலியவா ஆச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்க?" என்றாள்.

"எலி ஒன் வீட்ல இருக்கும். இது எங்க வீட்டுப் பிள்ளை" என்றேன். அப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தனை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் டாக்டர் பொறுமையாகக் குழாய் வைத்துக் கேட்டார். "நெஞ்சுல சளி கட்டியிருக்கும்மா. வயசான உசுரு, தாங்காது. அடியில என்ன விரிக்கீங்க?"

சொன்னேன். தீப்பெட்டி யூனிட்டில் குச்சி சலிக்கும்போது விழுகிற தூள்... அங்கே வேலை பார்க்கிற தங்கராஜ் சாக்கில் கட்டிக்கொண்டு வருவான், மெத்தென்று இருக்கிறதே என்று ஆறு வருஷமாக அதைத்தான் விரித்தோம்.

"தூசி ஆகாது. புகை அறவே ஆகாது" என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தூளை அள்ளிக் கொட்டிவிட்டுப் பழைய வேட்டியைக் கிழித்து விரித்தேன். டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை... சிரித்தவர்களுக்கு எதற்குச் சொல்ல?

மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. ஒரு தடவை விசில்கூட அடித்தது, பாதி விசில்...

நேற்று வெள்ளிக்கிழமை. மூன்று வருஷம் கழித்து மாரியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள்.

அவள் பேரனுக்குக் காதுகுத்து வைத்தபோது என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தவள் அவள். கூடப்பிறந்த அக்காளுக்கு வெற்றிலை பாக்கு கிடையாது, ஒரு படம், அதன் கீழே ஒரு ரோஜாப்பூ.

நேற்று கடைசி மகள் கல்யாணத்துக்கு அழைக்க முறையாகத் தட்டோடு வந்திருந்தாள். "எக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். இத எடுத்துக்கோக்கா" என்று நீட்டினாள்.

நான் கை நீட்டவில்லை. குழாயில் தண்ணீர் வந்திருந்தது, குடத்தை எடுத்தேன்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள். "எக்கா, கூண்டுக்குள்ள என்ன கர்ருனு சத்தம்? சளியா?"

காதில் விழுந்தது. திரும்பவில்லை.

உள்ளே நடந்ததை ஜோதி அப்புறம் சொன்னாள். "அத்தைக்கு இது மேல உசுரு சித்தி" என்று இவள் சொல்ல, "பச்சப்பிள்ளைக்குச் சளின்னா என்ன செய்யுதோம்? சாம்பிராணி காட்டுவோம்லா. அக்கா வாரதுக்குள்ள சரியாயிரும்" என்று மாரியம்மாள் அதில் இறங்கியிருக்கிறாள்.

தலைக்கு ஊற்றிய குழந்தைக்குக் காட்டுகிற மாதிரிதான். கங்குச் சட்டியைக் கூண்டுக்கு அடியில் வைத்து, சாம்பிராணி தூவி, புகை வெளியே போய்விடாமல் மேலே போர்வை.

கல்யாணச் சேதி சொல்ல மகிக்கு வீடியோ கால் போட்டிருந்தார்கள். தங்கராஜ் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, "கருப்பட்டி பாவம், சின்னாச்சி, நல்லா காட்டுங்க" என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

கடைசிக் குடத்தோடு நான் திரும்பும்போது வாசல் வரைக்கும் புகை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கையில் எடுத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடியது... அந்தத் தீப்பெட்டிச் சத்தம் நாலு தடவை, அப்புறம் இல்லை.

"டாக்டர் புகை ஆகாதுன்னாரு" என்றேன். மூன்று வருஷத்தில் மாரியம்மாளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத நான் கேட்டப்பவே சொல்லக்கூடாதாக்கா?"

தங்கராஜ் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினான். கரிசல் காய்ந்து கல்லாகக் கிடந்தது, கடப்பாரை போட வேண்டியதாயிற்று.

வேட்டித் துணியில் சுற்றி, பக்கத்தில் ஒரு கட்டு கொத்தமல்லி வைத்தேன். போனுக்குள் மகி அழுதுகொண்டே இருந்தாள்.

மாரியம்மாள் வைத்துவிட்டுப் போன தட்டு ஃபிரிட்ஜ் மேல் அப்படியே இருக்கிறது. வெற்றிலை ஓரம் சுருண்டுவிட்டது.

கமென்டில் யாரும் அவளைத் திட்ட வேண்டாம். அவள் மேல் எனக்கு இருப்பது காதுகுத்து வருத்தம் மட்டும்தான்.

போயிட்டு வா கருப்பட்டி... இனி நல்லா மூச்சு விடு.

மன்னிக்கவே மாட்டேன் என்று நான் மனசில் வைத்திருக்கிற ஆட்களில் நேற்று ஒரு பெயர் கூடியிருக்கிறது. இதுவரை ஒருத்தரையும் நான் விட்டதில்லை, இவளையும் விட மாட்டேன். பெயர் கீழே இருக்கிறது.

சுப்புத்தாய்.