அண்ணனின் முதுகு

சங்ககிரியில் பழைய லாரி வாங்கி விற்கும் புரோக்கர் வேலையில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். எதையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டேன். புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். முதலில் தரையில் படுத்து அடிச்சட்டத்தை, சேஸிஸைத்தான் பார்ப்பேன். "பொண்ணு பாக்க வந்தப்ப என்னையும் இப்படித்தான் பாத்தீங்களா?" என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள்.

அந்தக் கண்ணோடுதான் அண்ணனுக்கு ஒரு பராமரிப்பு இல்லம் தேடினேன். அண்ணன் லாரி டிரைவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஏழு மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் மட்டும். அவருக்கோ கனத்த உடம்பு, எனக்கோ குடலிறக்க ஆபரேஷன் ஆன வயிறு. நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்க எங்களால் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது.

டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "இது இன்னும் ஆழமாப் போனா உயிருக்கே ஆபத்து. ரெண்டு பேர் பாக்கிற வேலை இல்லீங்க இது." அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதலில் போன இல்லம் சேலத்தில் இருந்தது. டைல்ஸ் பளபளத்தது, பினாயில் வாசம் மூக்கைத் துளைத்தது. பகல் பதினொரு மணிக்கு எல்லோரையும் தலை சீவி, பவுடர் பூசி, வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நடக்க முடியாத ஓர் அம்மாவின் தண்ணீர்ச் சொம்பு அவர் கைக்கு எட்டாத அலமாரியில் இருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இரண்டாவது, வாழப்பாடியைத் தாண்டி ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். கொடியெல்லாம் ஈர விரிப்புகள். இரண்டு பெரியவர்கள் மின்விசிறியின் வேகத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காபி இன்னும் வரவில்லை என்று ஒருவர் கத்த, "வருது வருது, பறக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. பயந்து கிடக்கிறவர்கள் இப்படிச் சத்தம் போட மாட்டார்கள். அண்ணனை அங்கேயே சேர்த்தேன்.

முதல் மாதம் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் போய் நின்றேன். கட்டில் காலில் ஓர் அட்டை தொங்கியது. அண்ணனை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று எழுதுவதற்கான அட்டை. முந்தின நாளின் பகல் கட்டங்கள் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். அன்றைய கட்டங்கள் மொத்தமும் காலி.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. டிரிப் ஷீட் எழுதும் டிரைவர்களை நான் பார்க்காததா? வழியில் ஒரு வரி எழுத மாட்டார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு டீக்கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்புவார்கள்.

அண்ணனைக் கவனிக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். துணி அலசிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்தார்.

"இதை எப்ப எழுதுவீங்க?"

"சாயங்காலம் டூட்டி முடியறப்ப சேத்து எழுதிடுவேன் சார்."

"அப்ப அத்தனையும் பொய்யிதானுங்க! எங்கண்ணனை இப்பவே கூட்டிட்டுப் போறேன்!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் அண்ணனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன்.

"எந்திரிங்ணா, ஊட்டுக்குப் போலாம்."

அண்ணன் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். பிடி இன்னும் இறுகியது. என்னையே பார்த்தார், கண் இமைக்கவில்லை.

அந்த அம்மா என்னோடு வாதாடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணனை லாகவமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பனியனைத் தூக்கிக் காட்டினார். புண் இருந்த இடத்தில் புதுத்தோல் வெளிறிய நிறத்தில் மூடியிருந்தது. முதுகு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு சிவப்புத் தடம் இல்லை.

"கை ஈரத்தோட பேனாவ எப்படி சார் புடிக்கிறது? அப்பப்ப எழுதாதது என் தப்புதான். ஆனா திருப்பாம விட்டதில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வந்த புதுசுல ஐயா தண்ணியே குடிக்க மாட்டாரு. உங்க வீட்டுல இவருக்கு யாரு சார் துடைச்சு விட்டது?"

"என் சம்சாரம்."

"அதான் சார். தம்பி பொண்டாட்டி கையால எப்படி? குடிச்சாதான அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும், அதான் குடிக்காமயே இருந்திருக்காரு! 'என்னை ஆஸ்பத்திரி நர்சுன்னு நெனச்சுக்குங்கய்யா'ன்னு சொல்லிச் சொல்லி ஒரு வாரம் ஆச்சு. இப்ப கேட்டு வாங்கிக் குடிக்கிறாரு."

எங்கள் பக்கம் தம்பி மனைவி அண்ணன் எதிரே நேருக்கு நேர் நிற்கவே தயங்குவாள். அண்ணனும் என் வீட்டு வாசலில் இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படிப்பட்ட மனிதர் ஏழு மாதம் அவள் கையில் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறார். வீட்டிலும் அவர் தண்ணீரை ஒதுக்கியபோது, விழுங்கச் சிரமம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தெரிந்த எனக்கு, என் வீட்டுக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்கத் தெரியவில்லை.

அப்பாடா என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், ஏழு மாதப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியது நிஜம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட்டையை மட்டும் அப்பப்ப எழுதிருங்க. நான் மறுபடியும் வந்து பாப்பேன்" என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

"அப்ப இங்கயே இருந்துக்கறீங்களாங்ணா?"

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன. அண்ணன் அந்தக் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார். வண்டியை எடுக்கலாம் என்றால் கிளீனர் லாரியின் பாடியில் அப்படித்தான் தட்டுவான். என்னைக் கிளம்பச் சொல்கிறார். என் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.