கஸ்தூரிக்குப் பின்னிய வெள்ளைச் சால்வை

என்னோடு சேர்ந்து ஆண்டவரை நம்புகிற உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பெயர் பியூலா. எனக்கு வந்த வியாதி சுகமானதைச் சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. நான் ஜெபத்துக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, என் இடத்தில் நின்று வேலை செய்த என் தோழியின் முடி மெஷினில் சிக்கியது. அதன் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் அழுகை வரும், வார்த்தை வராது. அந்த நாட்களைத்தான் சொல்லப் போகிறேன்.

அது 2002ஆம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்து வந்திருந்தேன். சேரப்பணஞ்சேரியில் கன்னியம்மா என்கிற அம்மாவின் வீட்டில் பின்பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது. அவருக்குக் கணவர் இல்லை. ஒரே மகள் கஸ்தூரி. என்னைவிட ஒரு வயது சின்னவள், அதே கம்பெனியில்தான் வேலை செய்தாள்.

நான் கன்வேயர் பெல்ட் முடிகிற இடத்தில் நின்று வளையங்களை எடுத்து அடுக்குவேன். அவள் தள்ளி ஒரு மேஜையில் உட்கார்ந்து அவற்றைச் சோதிப்பாள். வளையத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவாள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "ரிஜெக்ட்டு" என்று சிவப்புப் பெட்டியில் எறிவாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை அவளுக்கு. கம்பெனித் தொப்பிக்குள் அது அடங்கவே அடங்காது.

அந்த ஆடி மாதத்தில் எனக்கு ஒரே கவலை, வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது. படப்பையில் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பகலில் உபவாச ஜெபம் நடக்கும். அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், கஸ்தூரிக்கு மதிய ஷிஃப்ட். "ஏட்டி, ஒரே ஒரு நாள் மாத்திக்கிடுவோமா?" என்று கேட்டேன்.

"போ, போய்ட்டு வா. எனக்கும் சேத்து வேண்டிக்கினு வா" என்று சிரித்தாள்.

அன்று நான் நன்றாக ஜெபித்தேன். என் வேலைக்காக அழுது ஜெபித்தேன். மனசு லேசாகி, மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்காகக் கம்பெனி வாசலில் இறங்கினேன். வாசலில் கூட்டம். காவலாளிதான் சொன்னார். என் இடத்தில் நிற்க ஆள் இல்லையென்று கஸ்தூரியை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பெல்ட்டுக்கு அடியில் விழுந்த வளையத்தை எடுக்கக் குனிந்திருக்கிறாள். பெல்ட்டைச் சுற்றவைக்கும் ரோலர்மேல் இருக்க வேண்டிய மூடித் தகடு அன்று கழற்றிக் கிடந்திருக்கிறது. தொப்பிக்கு வெளியே வந்திருந்த சடை உள்ளே போய்விட்டது. உயிர் தப்பிவிட்டது. ஆனால் தலையின் பின்பக்கம் பாதி, முடியோடு தோலும் சேர்ந்து போய்விட்டது.

சென்னை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கன்னியம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உன் சாமியாண்ட நீ போன. எம் பொண்ணு தல பூட்ச்சி. இனிமே எங்க மூஞ்சில முழிக்காத" என்றார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. என் வேலைக்காக நான் கண்ணீர் விட்ட அதே நேரத்தில் அவள் அலறியிருக்கிறாள். அறையைக் காலி செய் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். பைபிளைத் துணிப்பைக்குள் வைத்துக் கட்டினேன். ஊருக்கே போய்விடலாம் என்று இரண்டு தடவை பெட்டி கட்டினேன். கட்டின பெட்டியை மறுபடியும் பிரித்தேன். ஓடிப்போனால் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து, தொடைத் தோலை எடுத்துத் தலையில் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். கஸ்தூரி முன் அறைக்குள் போனாள். கதவு சாத்தினது சாத்தினதுதான். யாரோடும் பேசவில்லை. ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. "என்ன வுட்டுடும்மா, நான் போய்ச் சேர்றேன்" என்று ஒருநாள் சொன்னாளாம். அன்றைக்கே கன்னியம்மா ஆள் கூப்பிட்டு அந்த அறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுகிறாளா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

ஒரு காலையில், குடத்தோடு தெருக் குழாய்க்கு நடந்துபோகும்போது, முதல் முறையாக ஆண்டவரிடம் வாய் திறந்தேன். அது ஜெபம் மாதிரியே இல்லை. "ஆண்டவரே, எனக்கு ஜெபம் வரலை. என் கை செய்ய ஒரு வேலையாவது கொடும்" என்றேன். அவ்வளவுதான்.

குழாயில் எனக்கு முன்னால் கன்னியம்மா நின்றிருந்தார். என்னைக் கண்டுகொள்ளாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தலைய மூடி வெச்சாத்தான் தூசி அண்டாதுன்னு நர்சம்மா சொல்லுது. துண்டு போட்டா கனமா கீதுன்னு அழுவுறா. துப்பட்டா போட்டா அரிக்குதாம், பிச்சிப் போட்டுட்றா. காத்தாட்டமா ஒரு துணிக்கு நான் எங்கடி போவேன்?"

என் கையிலிருந்த குடம் நழுவிக் கீழே விழுந்தது. எனக்குச் சொல்லப்பட்ட பதில் அது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. நான் படித்த பள்ளி ஹாஸ்டலில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மேஜை விரிப்பும் தலையணை ஓரமும் பின்னியிருக்கிறேன். ஊரை விட்டு வந்தபின் அந்த ஊசியை நான் தொட்டதே இல்லை.

அன்றைக்கே தாம்பரம் போய், நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசி ஒன்றும், கடையில் இருந்ததிலேயே மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலும் வாங்கினேன்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. முதலில் நான் பின்னினது அவளுக்காக இல்லை. பார்த்ததும் அவள் என்னை மன்னித்துவிட வேண்டும் என்று, நெருக்கமாகப் பூப்பூவாகப் பின்னினேன். ஒரு முழம் ஆனதும் என் தலையில் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கனத்தது. புண்ணான தலை இதைத் தாங்குமா? உட்கார்ந்து முழுவதையும் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க, என் பெருமையும் சேர்ந்து பிரிந்த மாதிரி வெட்கமாக இருந்தது.

மறுபடி ஆரம்பித்தேன். பூ கிடையாது. ஐந்து சங்கிலிக் கண்ணி, பிறகு கீழ் வரிசையில் ஒரு பிணைப்பு, மறுபடி ஐந்து. வலை மாதிரி பெரிய பெரிய கண்கள், நடுவில் காற்று. நூல் அவள் தலையைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. கம்பெனி வேனில் பின்னினேன். சாப்பாட்டு நேரத்தில் பின்னினேன். கையில் ரப்பர் மணம் ஒட்டக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நூலைத் தொடுவேன். பின்னும்போது எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "அவ என் முகத்தப் பாக்கணும்." சுகமாக வேண்டும், முடி வளர வேண்டும் என்றெல்லாம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று வாரத்தில் முடிந்தது. குழந்தைச் சோப்பில் அலசி, பாயில் விரித்து, நிழலில் காயவைத்தேன். மடித்தால் ஒரு கைக்குள் அடங்கியது. எடுத்துக்கொண்டு கன்னியம்மா முன்னால் நின்றேன்.

"இன்னா இது?"

"கஸ்தூரி தலைக்கும்மா. கனமே இருக்காது."

வாங்கி விரித்துப் பார்த்தார். "கொசுவல மாரி கீது. இத்தப் போட்டா பூட்ச்சது வந்துருமா?" என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அறைக்கு வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர்மேல் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு சோர்வு.

மறுநாள் மத்தியானம். கஸ்தூரிக்குக் கட்டுப் பிரித்து மருந்து போடுகிற நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. துணி வேண்டாம், வேண்டாம் என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் என் கதவு திறந்தது. கன்னியம்மா நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"குடு அத" என்றார்.

கொடுத்தேன். அவர் போனார். நான் சுவரில் காது வைத்தேன். அழுகை குறைந்தது. பிறகு நின்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில், எத்தனையோ நாளைக்குப் பிறகு, "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரில் யாரோ தட்டினார்கள்.

"பியூலா. இங்க வா."

ஓடினேன். கதவைத் தள்ளினேன். கஸ்தூரி கட்டிலில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். சால்வையை மடியில் விரித்து, ஒரு ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேராக முகத்தைப் பார்த்தாள்.

"பதினோராவது வரிசயில ஒரு கண்ணி வுட்டுட்ட. இது ரிஜெக்ட்டு" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளுக்கும்தான். வாசலில் நின்றிருந்த கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். மகள் சிரித்து அவர் பார்த்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஊசியை எடுத்துவந்து, அவள் காட்டின இடத்தில் நூலைச் சேர்த்துச் சரிசெய்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கி எனக்கும் வேண்டிக்கினியா?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"இல்லட்டி. மறந்துட்டேன். என் வேலைக்கு மட்டுந்தான் கேட்டேன்."

அவள் விரல் சால்வைக் கண்களுக்குள் போய்ப் போய் வந்தது. எழுந்து போ என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, இப்ப வேண்டிக்கோ" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எத்தனையோ வாரமாக அடைபட்டுக் கிடந்தது எல்லாம் வந்தது. முடித்தபோது அவள் சால்வையை எடுத்துத் தானே தலையில் போட்டுக்கொண்டாள். "எனக்குப் பசிக்குதும்மா" என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

பிரியமானவர்களே, நான் கேட்டது ஒரு பார்வை மட்டும்தான். ஆண்டவர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எல்லாரும் தன் தலையையே பார்ப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டு வந்தாள். படப்பையில் ஏறின ஒரு பெண் பார்த்தாள்தான். பார்த்துவிட்டு, "இந்த லேசு எங்கம்மா வாங்கின? எம் பொண்ணுக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டாள். கஸ்தூரி என் பக்கம் திரும்பி, "இவ போட்டது. ஆனா கண்ணி வுடுவா, பாத்து வாங்கு" என்றாள். தாம்பரம் வரைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டே போனோம்.

ஒட்டின தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். அந்த இடத்தில் முடி வளரவில்லை, இனி வளராது. சுற்றிலும் இருப்பதைச் சீவி மறைத்துக்கொள்வாள். ஒரு வருஷம் கழித்துத் தாம்பரத்தில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தாள். அவள் கண்ணுக்கு அங்கே ரொம்ப மரியாதை.

அவள் சபைக்கு வந்துவிட்டாள் என்று சொல்லி இதை முடித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அவள் வரவில்லை. அவள் தன் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறாள். அதைக் கணக்குப் பார்க்க நான் யார்? ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜெபத்துக்குப் புறப்படும்போது கன்னியம்மா வாசலில் என்னை நிறுத்தினார். முகத்தை எங்கேயோ பார்த்துக்கொண்டு, "போறதுதான் போற, எம் முட்டி வலிக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வா" என்றார். நான் மறக்கவில்லை. அவர் வலிக்கு முதலில் ஜெபித்துவிட்டுத்தான் என் காரியத்தைச் சொன்னேன்.

வேலை எனக்கு நிரந்தரமாகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் ஜெபித்த விதத்தையும் இப்போது ஜெபிக்கிற விதத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். முன்னெல்லாம் என் பேர் மட்டும்தான் என் ஜெபத்தில் இருந்தது. இப்போது என் இடத்தில் நிற்கிறவர்கள், எனக்காக வேலை செய்கிறவர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

உங்களில் யாராவது இன்றைக்கு ஜெபிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கலாம். ஏதோ ஒரு குற்றம் உங்கள் வாயை அடைத்திருக்கலாம். வெட்கப்படாமல் அதையே அவரிடம் சொல்லுங்கள். எனக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் கை செய்யக்கூடிய ஒன்றை அவர் காட்டுவார். தெருக் குழாயடியில் வைத்துக்கூடக் காட்டுவார். அதைச் செய்துகொண்டே இருங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களுக்குப் பாரமில்லாமல் செய்யுங்கள். மீதி அவர் பார்த்துக்கொள்வார். எனக்குப் பார்த்துக்கொண்டார். அவருக்கே மகிமை.