மூக்கக்கா

பால் கேனைத் திறந்ததும் அக்கா பாலைப் பார்ப்பதில்லை. மூடியைத் திருப்பி, உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரே ஓர் இழுப்பு. "ம், ஊத்துங்க" என்றால் பால் தேறியது. "ம்ம்ம்..." என்று இழுத்தால் கேன்காரர் வரிசையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

பால் சேகரிப்பு நிலையத்தில் இவர்தான் பரிசோதகர். மூக்கக்கா என்பது மாடு வைத்திருப்பவர்கள் சூட்டிய பெயர். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "நாக்கக்கான்னு வைக்காம விட்டாங்களே!" என்பார். வீட்டுத் தண்ணீர் பாட்டில், மகளின் சாப்பாட்டு டப்பா, விருந்துக்குப் போன இடத்தில் நீட்டும் டம்ளர், எதுவும் அந்த மூக்கிடமிருந்து தப்பியதில்லை. இவர் வருகிறார் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறார்களாம்.

மூக்குக்குச் சந்தேகம் வந்தால் நீலச் சோதனை. குழாயில் கொஞ்சம் பால், துளி நீலச் சாயம், வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி. நீலம் நின்றால் பால் நல்லது. சீக்கிரமே வெளுத்தால் உள்ளே கிருமிக் கும்பல். "கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரங்கண்ணே. உள்ள வந்துட்டா பெருகிட்டே போவாங்க, காலி பண்ணவே மாட்டாங்க" என்று விளக்குவார். எல்லாருமே அண்ணன்தான். வரிசையில் நின்ற சொந்தக் கணவரையே ஒருநாள் பழக்கதோஷத்தில், "அடுத்து வாங்கண்ணே" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநாள் ஆனது.

போன மாதம் அந்தக் கணவரின் கேன் மூடியைத்தான் அக்கா இரண்டு முறை முகர்ந்தார். சோதனை முடியும்வரை பால் கெடாமலிருக்கக் கேனைப் பனிக்கட்டித் தண்ணீரில் ஓரமாக வைக்கச் சொன்னார். அரை மணிக்குள் நீலம் போன இடம் தெரியவில்லை.

"இதை எடுக்க முடியாதுங்க."

"விளையாடாதம்மா. நம்ம வீட்டுப் பால். காலையில நீ டீ போட்டதும் இதுலதான்."

"காய்ச்சித்தானே போட்டேன்? இங்க மத்தவங்க பாலோட கலந்தா மொத்தத் தொட்டியும் கெட்டுப் போயிடும்."

வரிசையே கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் காது சிவக்கக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று வீட்டில் பேச்சுவார்த்தை முழுக்க மகள் வழியாக நடந்தது. "அம்மா, அப்பாவுக்கு உப்பு வேணுமாம்." "அப்பா, உப்பு உங்க முன்னாடியேதான் இருக்காம்."

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனார். மாட்டின் மடியில் வீக்கமில்லை, புண்ணில்லை. வாளியை முகர்ந்தார், வடிகட்டியை முகர்ந்தார். கடைசியாகக் கறவை இயந்திரத்தின் ரப்பர் குழாய். வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வாங்கிய இயந்திரம் அது. அவர் கண்ணெதிரிலேயே அக்கா குழாயைக் கழற்றி, கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்தார். வெளியே பளபளப்பு, உள்ளே கீறல் கீறலாக வெடிப்பு, அதில் மஞ்சளாக ஒரு வழுவழுப்பு.

வீட்டுக்காரர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "தினமும் வெந்நீர் விட்டு அலசுறேனே..."

"நீங்க அலசுறீங்க. அவங்க வெடிப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறாங்க."

எவ்வளவு அடக்கியும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு புதுக் குழாய் வாங்கக் கிளம்பினார்.

மறுநாள் அக்கா எந்தச் சலுகையும் காட்டவில்லை. அதே பனிக்கட்டித் தண்ணீர், அதே நீலச் சோதனை. வீட்டுக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல நிலையத்து ஜன்னலுக்கு வெளியே உலாத்தினார். பால் ஊற்றி முடித்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். அரை மணி தாண்டியது, ஒரு மணியும் தாண்டியது. நீலம் அசைந்து கொடுக்கவில்லை.

"ஊத்துங்க" என்றார் அக்கா.

கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு வீட்டுக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். யாரோ கைதட்டினார்கள். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. தான் பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாஸை மட்டும் ஜன்னல் வழியாக மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.