அடிமூலை தேய்ந்த கத்தி

ஐம்பதுகளின் கடைசி. நாயுடுபுரத்தில் நான் மடக்குக் கத்தி செய்துகொண்டிருந்தேன். பூண்டியில் பூண்டு வெள்ளாமை செய்யும் ஒருவர், என்னிடம் வாங்கிய கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஆசாரி, கத்தி செஞ்சீங்களா, பூட்டு செஞ்சீங்களா? தெறக்கப் போயி எம் பொஞ்சாதிக்கு நகமே பேந்துபோச்சு. வெரசா இளக்கிக் குடுங்க, பஸ்ஸு போயிரும். நாளைக்கு மூட்டை தைக்கணும்."

பிடியின் முதுகில் ஒரு எஃகு வில் இருக்கும். அதுதான் அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது. அந்த வில்லை மெலிதாக்கியிருக்க வேண்டும். அதற்கு ஆணியைக் கழற்ற வேண்டும். அவர் நின்ற அவசரத்தில் நான் கழற்றவில்லை. அலகில் வில் அமரும் அடிமூலையை அரத்தால் தேய்த்துவிட்டேன். லேசாகத் திறந்தது. திறந்து நிற்கும்போது வரும் 'டக்' சத்தம் மட்டும் இல்லை. கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே வேறொரு கத்தியைத் திறந்தேன். 'டக்'கென்று நின்றது. நேற்றுக் கொடுத்த கத்தியில் அந்தச் சத்தம் இல்லாதது அப்போதுதான் உறைத்தது. மூலை போன கத்தியால் அறுக்கலாம். முனையால் குத்தினால் அலகு மடங்கி விரலில் விழும். மூட்டை தைக்கிறவர்கள் சாக்கில் குத்தி ஓட்டை போட்டுத்தான் சணலைக் கோப்பார்கள்.

பூண்டிக்குக் காய்கறி ஏற்றப் போன லாரியில் தொற்றினேன். வழியெல்லாம் அந்த அம்மாவின் விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

போனபோது அந்த அம்மா மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கத்தி முனை சாக்கின் வாயில் இருந்தது. கத்த வாயெடுத்தேன். திடுக்கிட்டு அமுக்கிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

"தாயி, கத்தியக் கீழ வைங்க."

"அட, வித்தவரே புடுங்க வந்துட்டாரு! இருங்க, இந்த ஒரு மூட்டைய முடிச்சிர்றேன்."

"வேணாம் தாயி. கும்புட்டுக் கேக்குறேன்."

கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள் அங்கே. தரையில் வைத்தார். எடுத்து, முனையை ஒரு கட்டையில் ஊன்றிக் காட்டினேன். அலகு படுத்துவிட்டது. விரலை இழுத்துக்கொண்டேன். அப்படியும் தோல் போனது.

அந்த அம்மா தன் விரல்களைப் பார்த்தார். அவர் புருசனும் வந்தார். அரம் போட்டதைச் சொன்னேன். "வில்லு வேற போட்டு, புதுசா செஞ்சு தாரேன்."

"மடக்குற சோலியே வேணாம் ஆசாரி. ஒரே இரும்பா அடிச்சுக் குடுங்க" என்றார் அந்த அம்மா. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.